சாலையா, இருப்புப்பாதையா: அரசின் பணம் முதலில் எதற்குச் செல்ல வேண்டும்?

கேள்வி: பொருளியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் பொதுநிதியியல் கற்பித்து வருகிறேன். போக்குவரத்துக்கென்று ஓர் அரசிடம் குறிப்பிட்ட தொகைதான் இருக்கிறது என்றால், அதை முதலில் சாலைகளுக்குச் செலவிடுவதா, இருப்புப்பாதைகளுக்குச் செலவிடுவதா என்ற கேள்வியைச் சென்ற வாரம் வகுப்பில் வைத்தேன். மாணவர்கள் சட்டென்று இரு கட்சியாகப் பிரிந்தார்கள். மணி அடித்த பிறகும் வாதம் ஓயவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அதே யோசனையாக இருக்கிறது.

ரயில் கட்சியினர் இயற்பியலில் தொடங்கினார்கள். எஃகுச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் உருளும்போது எழும் தடை, லாரியின் டயர் சாலைமேல் உருளும்போது எழுவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், அதே சுமையை மிகக் குறைந்த எரிபொருளில் இழுத்துவிடலாம் என்றார்கள். நகரத்துச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள்தான் செல்ல முடியும், நன்கு இயங்கும் ஒரு மெட்ரோ பாதையோ ஒரு திசையில் மட்டும் மணிக்கு 30,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் என்று கணக்குக் காட்டினார்கள். 1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலைச் சான்றாகவும் வைத்தார்கள்.

சாலைக் கட்சியினர் அதே ஜப்பானைக் கொண்டே பதில் சொன்னார்கள். அந்நாட்டின் தேசிய ரயில்வே 1987-இல் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது அதன் தலைமேல் ஏறத்தாழ 37 லட்சம் கோடி யென் கடன் இருந்தது என்பதை ஒரு மாணவி எடுத்துக்காட்டினாள். ரயில் நிலையத்தோடு நின்றுவிடும், சாலைதான் வாசல்வரை வரும் என்பது அவர்களுடைய அடிப்படை வாதம். அமெரிக்கா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 41,000 மைல் நீள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிசெய்தபோது, செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசே ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் தொழில்கள் அதன்பின் அந்தச் சாலைகளை ஒட்டியே வளர்ந்தன என்றார்கள்.

‘இரண்டும் தேவைதான்’ என்று சொல்லி வகுப்பை முடித்திருக்கலாம். ஆனால் அது பதிலாகாது என்று எனக்கே தோன்றியது. எல்லாச் செலவும் போக மிஞ்சியிருக்கும் பணத்தை எங்கே இடுவது என்பதில்தான் ஓர் அரசின் முன்னுரிமை வெளிப்படுகிறது. இத்துறைகளில் வேலை பார்த்தவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெடுஞ்சாலைப் பணியில் இருந்தவன் நான். சாலைக்காரன் சாலைக்குத்தான் கொடி பிடிப்பான் என்று நினைத்துவிட வேண்டாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே போட்ட சாலைகளையும் பாதைகளையும் காப்பாற்றுவதற்கு முதல் பணம் செல்ல வேண்டும், அதற்குமேல் மிஞ்சுவதில், கனமான சரக்கு நெடுந்தூரம் போகும் தடங்களில் இருப்புப்பாதைக்கே முதலிடம் தர வேண்டும். சாலைகளின் நன்மையை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காரணம் அச்சுச்சுமை, அதாவது வண்டியின் சக்கர அச்சு ஒவ்வொன்றும் சாலைமேல் ஏற்றும் எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை, வெவ்வேறு கனத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடத்தின்மேலும் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுகள் கடந்தன. அதிலிருந்து கிடைத்த முடிவைத்தான் உலகெங்கும் பொறியாளர்கள் ‘நான்காம் அடுக்கு விதி’ என்று சொல்கிறோம். சாலைக்கு நேரும் தேய்மானம், ஓர் அச்சு தாங்கும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. 1 டன் அச்சுச்சுமை கொண்ட வண்டியைவிட 10 டன் அச்சுச்சுமை கொண்ட வண்டி பத்து மடங்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு சாலையைத் தின்கிறது. 10 டன் ஏற்ற வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றினால், கூடுதல் எடை ஐந்தில் ஒரு பங்குதான். சேதமோ ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். சாலையின் தன்மைக்கேற்ப அந்த அடுக்கு எண் கூடக் குறைய இருக்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் இந்தச் சரிவின் செங்குத்தை யாரும் மறுக்கவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், பத்து வயதான ஒரு கனரகச் சாலையின் ஓரத்தில் மழை விட்ட மறுநாள் காலையில் போய் நில்லுங்கள். சக்கரத் தடம் விழும் இரண்டு பட்டைகளில் மட்டும் தார்ப்பரப்பு முதலைத் தோல்போலச் சிறு சிறு கட்டங்களாக வெடித்திருக்கும்; நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். கார்கள் போகும்போது ஒன்றும் தெரியாது. சுமையேற்றிய லாரி ஒன்று கடந்ததும் அந்த வெடிப்புகளிலிருந்து பழுப்பு நிறச் சேற்றுநீர் மேலே பீறிட்டு வரும். அடியில் உள்ள ஜல்லிப்படுகையின் நுண்மண் கரைந்து வெளியேறுவதைத்தான் நாம் பார்க்கிறோம். அடியில் வெற்றிடம் விழுந்துவிட்டால் அதன்பின் மேலே எத்தனை ஒட்டுப் போட்டாலும் ஒரு மழைக்காலம் தாங்காது. நான் எத்தனையோ முறை குந்தி உட்கார்ந்து அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை எட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே வெடிப்புகளை அடைத்து, வடிகாலைத் தூர்வாரி, ஒரு மெல்லிய மேல்தளம் போட்டிருந்தால் முழுச் சாலையும் தப்பியிருக்கும்.

உலக வங்கி 1988-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 85 வளரும் நாடுகளில் பராமரிப்பு இல்லாமல் சுமார் 4,500 கோடி டாலர் மதிப்புள்ள சாலைகள் அழிந்துபோயின என்றும், 1,200 கோடி டாலருக்குள் உரிய காலத்தில் செலவிட்டிருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்றும் கணக்கிட்டது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. வடிகால் தூர்வாரியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

நெரிசலைக் குறைக்கச் சாலையை அகலப்படுத்துவதைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்து துராந்தோன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சாலைத் தடங்களின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது என்று கண்டார்கள். வயலுக்கு வெட்டிய வாய்க்காலை அகலப்படுத்தினால் தண்ணீர் மிஞ்சாது, மேலும் வயல்கள் கேட்கும். அதே நிலைதான் இங்கும்.


பதில்: ரயில் சரக்குப் பிரிவில் பணியாற்றியவர்

ஐயா சொன்ன நான்காம் அடுக்கு விதியை மறுக்க முடியாது. ஆனால் இருப்புப்பாதைக்குப் பணம் கொடுத்துவிட்டால் சரக்கு தானாக அங்கே வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நான் சரக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ரயிலை மனதார நேசிப்பவன்.

சரக்கு அனுப்புகிறவர் வேகத்தைப் பெரிதாகக் கேட்பதில்லை. என்றைக்கு வந்து சேரும் என்ற உறுதியைத்தான் கேட்கிறார். அந்த உறுதியை எங்களால் கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் செல்லும் விரைவு ரயிலும், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் பயணிகள் ரயிலும், 50 அல்லது 60 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் சரக்கு ரயிலும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. விரைவு ரயிலுக்கு வழிவிடச் சரக்கு ரயிலை லூப் லைன் என்னும் பக்கப்பாதையில் ஒதுக்கி நிறுத்துவார்கள். ஒன்று போகும், அடுத்தது வரும், அதற்கும் நிற்க வேண்டும். ஒருநாள் இரவு அப்படி நின்ற ஒரு ரயிலின் ஓட்டுநருக்குப் பணிநேரம் முடிந்துவிட்டது. விதிப்படி அவர் அதற்குமேல் ஓட்டக் கூடாது, ஓட்டினால் ஆபத்து. மாற்று ஓட்டுநர் சாலை வழியாக ஜீப்பில் வந்து சேரும்வரை, நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் விளக்கில்லாத ஒரு சிறு நிலையத்தில் விடியும்வரை நின்றன. மறுநாள் காலை தொலைபேசியில் பேசிய வாடிக்கையாளர் என்மேல் கோபப்படவே இல்லை. ‘அடுத்த மாதத்திலிருந்து லாரியில் அனுப்பிக்கொள்கிறோம்’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த அமைதி இன்றும் எனக்கு வலிக்கிறது.

அவரைத் தக்கவைக்க அதிவேக ரயில் தேவைப்பட்டிருக்காது. கூடுதலாக ஒரு நீண்ட லூப் லைன், சந்திப்பில் ஒரு ரயில் மற்றொன்றின் குறுக்கே போகாமல் மேலே தாண்டிப் போக ஒரு மேம்பாலம், ரயில்களை நெருக்கமாக விட உதவும் சிக்னல் அமைப்பு, கன்டெய்னரை இறக்கி ஏற்ற ஒழுங்கான முனையம்: இவையெல்லாம் நாளிதழில் படமாக வராத செலவுகள்.

ரயில் முதலீட்டை எப்படிச் செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்து. ‘ரயில் 2000’ என்ற திட்டத்துக்கு 1987-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது. பெருநகரங்களில் ரயில்கள் எல்லாம் ஒவ்வொரு மணியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சந்தித்து, பயணிகள் மாறி ஏறியதும் புறப்பட வேண்டும் என்று முதலில் நேர அட்டவணையை வகுத்தார்கள். சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போனால்தான் அந்தச் சந்திப்பு கூடிவரும் என்று தெரிந்த பிறகே, அதற்குத் தேவையான அளவுக்கு மாட்ஷ்டெட்டன், ரோத்ரிஸ்ட் ஊர்களுக்கிடையே சுமார் 45 கி.மீ. புதுப்பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. எங்கே எத்தனை நிமிடம் குறைய வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அங்கே மட்டும் காங்கிரீட் கொட்டினார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஃப்ளூபியர் என்ற டேனிய ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கணக்குப்படி, ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 விழுக்காடு கூடியிருந்தது. சாலைத் திட்டங்களில் அது 20 விழுக்காடு. 2005-இல் அவர்கள் பயணிகள் எண்ணிக்கையை ஒப்பிட்டபோது, ரயில் திட்டங்களில் எதிர்பார்த்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். எங்கள் துறையை நேசிக்கிற நாங்கள்தான் இந்த எண்களை முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கென்யாவில் மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபிவரை 2017-இல் திறக்கப்பட்ட புதிய பாதையைப் பாருங்கள். பெருமளவு சீனக் கடனில் கட்டியது. அண்டை நாடான உகாண்டாவின் எல்லைவரை போய்ச் சேரும் என்பதுதான் திட்டம். 2019-இல் நைவாஷாவரை நீண்டு, அங்கே நின்றது. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நைரோபி முனையத்தில் இறக்கி மீண்டும் லாரியில் ஏற்றுவதற்குக் கூடுதல் செலவாகிறது என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். சரக்கை ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு தனிச் செலவு. பயணத்தின் இரு முனையிலும் அது உண்டு. அதனால்தான் சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோக ரயிலை மிஞ்ச ஆளில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சரக்கில் லாரியை மிஞ்ச ஆளில்லை. இடைப்பட்ட தொலைவுகளில்தான் போட்டி. அங்கே முனையம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.


பதில்: கிராமச் செவிலியர்

பெரியவர்கள் இருவரும் சரக்கைப் பற்றிப் பேசினீர்கள். இரண்டுமே எட்டாத ஊர்களில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பொறுப்பிலிருந்த ஓர் ஊருக்குச் சாலை இருந்தது, வழியில் ஓர் ஓடை இருந்தது, ஓடைக்குமேல் சிறுபாலம் இல்லை. ஆண்டில் ஒன்பது மாதம் ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்வரை வரும். மீதி மூன்று மாதம் அக்கரையில் விளக்கை எரியவிட்டபடி நிற்கும். வலி கண்ட பெண்ணை மரநாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியின் கால்களில் மூங்கில் கட்டி, நான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் பின்னாலேயே மருந்துப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடப்பேன். அந்த நேரத்தில் ரயிலா சாலையா என்று என்னைக் கேட்டால், மூன்று குழாய்கள் பதித்த ஒரு சிறுபாலம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லாப் பருவத்திலும் வண்டி செல்லக்கூடிய சாலை 2 கி.மீ. தொலைவுக்குள் இருக்கிறதா என்பதைக் கிராம அணுகலுக்கான அளவுகோலாக உலக வங்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட சாலை இல்லாத கிராம மக்கள் உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேர் என்று 2006-இல் மதிப்பிட்டார்கள். இவர்களுக்கு இருப்புப்பாதை வரப்போவதில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. எந்த ஒப்பீட்டுக்கும் முன்பாக இந்தச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிராமச்சாலை போட்டால் வறுமை ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, சாலை வந்த ஊர்களில் பலர் விவசாயத்தை விட்டு வெளிவேலைக்குப் போனார்கள் என்றும், ஊருக்குள் விளைச்சலிலோ வருமானத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றும் கண்டது. வருமானக் கணக்கில் அது சிறிதாக இருக்கலாம். பிரசவத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தை அந்தக் கணக்கு அளப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு அதுவே முதற்காரணம். இறப்பவர்களில் பாதிக்கு மேல் நடந்து செல்பவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் செல்பவர்கள். சுவீடனில் 1990-களின் இறுதியிலிருந்து, அகலமான இருவழிச் சாலைகளின் நடுவே கம்பிவடத் தடுப்பு கட்டி, மூன்று தடங்களாக மாற்றினார்கள். நேருக்கு நேர் மோதல்கள் பெருமளவு குறைந்தன. புது நெடுஞ்சாலை போடும் செலவில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆனது. சாலைக்குப் பணம் என்று நீங்கள் எழுதும்போது நடைபாதையையும் தடுப்பையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.


கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு இப்போது வேறு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. லாரிதான் சாலையைத் தின்கிறது என்றால், அதற்கான பணத்தை லாரி தருகிறதா, எல்லாரும் சேர்ந்து தருகிறோமா? பின்னதுதான் உண்மை என்றால், ரயிலோடு லாரி போட்டியிடும் களமே சாய்ந்திருக்கிறது என்று ஆகிறதே. அடுத்ததாக, நட்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளை மூடிவிட்டு அந்தப் பணத்தைச் சாலைக்குத் திருப்பலாம் என்று ஒரு மாணவன் கேட்டான். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.


பதில்: பொதுக் கணக்குத் தணிக்கையாளர்

களம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மைதான். பெரும்பாலான நாடுகளில் சாலைக்கான பணம் எரிபொருள் வரியிலிருந்து வருகிறது, அல்லது பொது வருவாயிலிருந்து வருகிறது. ஒரு லாரி காரைவிட ஐந்தாறு மடங்கு எரிபொருள் குடிக்கலாம். சேதமோ ஆயிரக்கணக்கான மடங்கு. ஆகவே எரிபொருள் வரி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது. அமெரிக்காவில் நெடுஞ்சாலை நிதிக்கு ஆதாரமான கூட்டாட்சிப் பெட்ரோல் வரி, கேலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவில் 1993-க்குப் பிறகு உயரவே இல்லை. 2008 முதல் அந்த நிதியைப் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் ஊற்றித்தான் காப்பாற்றி வருகிறார்கள். பயன்படுத்துகிறவரே செலவை ஏற்பார் என்ற கொள்கையில் தொடங்கிய ஏற்பாடு இப்படி ஆயிற்று. மின்வண்டிகள் பெருகும்போது இது இன்னும் மெலியும்.

இதைச் சரிசெய்த நாடும் சுவிட்சர்லாந்துதான். 2001 முதல் அங்கே கனரக வண்டி ஒவ்வொன்றும் அதன் எடை, ஓடிய தூரம், வெளியிடும் புகையின் தரம் மூன்றையும் வைத்துக் கட்டணம் செலுத்துகிறது. அந்த வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு கூட்டாட்சிக்குப் போகிறது. அதன் பெரும்பகுதி ரயில் கட்டமைப்புக்குச் செலவாகிறது. 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கம் 2016-இல் திறக்கப்பட்டதில் இந்தப் பணத்துக்குப் பங்குண்டு. இன்று அந்நாட்டின் வழியே ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சரக்கில் சுமார் 70 விழுக்காடு ரயிலில் போகிறது. விலையைச் சரிசெய்ததும் முதலீடு எங்கே தேவை என்பது தெளிவாகத் தெரிந்தது என்பதே இதில் நான் காணும் பாடம். அதே மக்கள் 2024 நவம்பரில் நெடுஞ்சாலை விரிவாக்கத் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்.

உங்கள் மாணவர் கேட்டதை 1963-இல் பிரிட்டன் அப்படியே செய்து பார்த்தது. ரயில்வேயின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் தந்த அறிக்கையில், பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பகுதி மொத்தப் பயணத்தில் 1 விழுக்காட்டை மட்டுமே சுமக்கிறது என்று காட்டப்பட்டிருந்தது. எண் சரியானதுதான். 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தார், பெரும்பாலானவை மூடப்பட்டன. கிளைப்பாதையை இழந்தவர்கள் முதன்மைப் பாதைக்குப் பேருந்தில் வந்து ரயிலேறுவார்கள் என்று நினைத்தார்கள். பலர் கார் வாங்கி முழுத் தூரத்தையும் அதிலேயே போனார்கள். ரயில்வேயின் நட்டமும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இதைவிடப் பெரிய பிழையாக எனக்குப் படுவது, மூடிய தடங்களின் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றது. எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் ஒரு பகுதியை 2015 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது, இடையில் எழுந்துவிட்ட சாலைகளையும் கட்டடங்களையும் சமாளித்து, ஏறத்தாழ புதுப்பாதை போடும் வேலையாகவே அது ஆனது. நட்டத்தில் ஓடும் பாதையில் ரயிலை நிறுத்துவது மீட்கக்கூடிய முடிவு. நிலத்தை விற்பது மீட்க முடியாத முடிவு. உங்கள் மாணவர் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் எழுதிப் பார்க்கட்டும்.

பொறியாளர் ஐயா பராமரிப்பைப் பற்றிச் சொன்னது ரயிலுக்கும் பொருந்தும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு அருகே தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்த நுண்வெடிப்புகள் விரிந்து, தண்டவாளம் நொறுங்கி, ரயில் தடம்புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் வேறு எங்கெல்லாம் அத்தகைய வெடிப்பு இருக்கிறது என்பதைப் பாதைகளை நிர்வகித்த நிறுவனத்தால் உடனே சொல்ல முடியவில்லை. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் நொடித்தது. தணிக்கையில் நான் முதலில் கேட்கும் ஆவணம் சொத்துப் பதிவேடுதான்: எந்தப் பாலம், எந்த ஆண்டில் கட்டியது, கடைசியாக யார் பார்த்தது. அதைக் காட்ட முடியாத துறைக்குப் புதுக்கட்டுமானப் பணம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது.


பதில்: ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

தணிக்கையாளர் எழுதியதோடு உடன்படுகிறேன். சரக்குப் பிரிவு நண்பர் சொன்ன லூப் லைன்களுக்காக ஒரு சாலை விரிவாக்கத்தையே விட்டுக்கொடுக்கவும் நான் தயார். செவிலியர் அம்மா கேட்ட சிறுபாலத்தை இந்தப் பட்டியலின் தலையில் வைக்கிறேன்; நான் முதலில் எழுதியபோது அதை மறந்துவிட்டேன், மறந்திருக்கக் கூடாது.

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் ‘ரயிலா, சாலையா’ என்று மொத்தமாகக் கேட்காமல், இரு ஊர்களுக்கிடையே 400 கி.மீ. நீளமுள்ள ஒரு தடத்தைக் கொடுத்துக் கேளுங்கள். அதில் நாளொன்றுக்கு எத்தனை அச்சுகள் கடக்கின்றன, ஒவ்வொன்றின் எடை என்ன, எது எங்கே ஏற்றி எங்கே இறங்குகிறது, எத்தனை பேர் முழுத் தூரமும் போகிறார்கள், எத்தனை பேர் நடுவில் இறங்குகிறார்கள் என்று அவர்களே எழுதிக் கேட்கட்டும். அந்த எண்கள் கைக்கு வந்த பிறகு வகுப்பு இரு கட்சியாக இராது என்று நினைக்கிறேன்.

கணக்கெடுப்பை மட்டும் ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டாம். அறுவடைக் காலத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை, இரவிலும் எண்ண வேண்டும். கனமான லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகின்றன. பகலில் மட்டும் எண்ணிய கணக்கை நம்பி நான் வடிவமைத்த சாலை ஒன்றை ஐந்தாம் ஆண்டிலேயே அடிப்படுகைவரை தோண்டி எடுக்க நேர்ந்தது.